இனிப்பின் பெயர்கள் கூறும் வரலாறு



உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் முதலில் விலக்குவது இனிப்பை. விலக்கிய சில நாட்களிலேயே அதன்மீது ஆசை முன்னிலும் பெருகுகிறது. அப்பொழுது, "இது வெல்லத்தில் செய்தது, தீங்கில்லை" என்று யாரேனும் சொன்னால் போதும், அளவின்றி உண்டுவிடுகின்றனர். அறவே துறத்தல், அளவின்றி உண்ணல் என்னும் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? உண்டு என்றே நான் கருதுகிறேன். இனிப்புப் பொருள்களுக்கு நம் மொழியில் வழங்கும் பெயர்களின் வரலாறே அவ்வழியைக் காட்டும்.

முதற்பெயர் தேன். மலை முகடுகளில் அரிதின் முயன்று பெற வேண்டிய பொருள் அது. குறிஞ்சி நில மக்கள் அதனைத் தினைமாவோடு கலந்து உண்டனர். முருகனுக்கு இன்றும் தேனும் தினைமாவும் படைக்கப்படுவது அப்பழமையின் தொடர்ச்சியே. அங்கே தானியம் உணவாகவும் தேன் அதற்குச் சுவையாகவும் அமைந்தன.

அடுத்து வருவது கரும்பு. அதியமானின் முன்னோர் அதனை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஒளவையார் புறநானூற்றில் பாடுகிறார். சாறு காய்ச்சும் ஆலைகளின் புகையைப் பெரும்பாணாற்றுப்படையில் காண்கிறோம். உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தை மதுரை நகரில் விற்றமையை மதுரைக்காஞ்சி உரைக்கிறது. வறண்ட நிலத்துப் பனையோ கருப்பட்டியைத் தந்தது. இவ்வினிப்புகள் பெரும்பாலும் அரிசி, பயறு, எள், தேங்காய் ஆகியவற்றின் துணையோடுதான் உண்ணப்பட்டன.

சர்க்கரை என்னும் பெயர் வடமொழிச் 'சர்க்கரா'விலிருந்து வந்தது. பரல் அல்லது சிறுகல் என்பது அதன் பொருள். அப்பெயரே மேற்கே சென்று, பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. சர்க்கரைப் பொங்கலில் நாம் இன்றும் வெல்லத்தையே இடுகிறோம். வெள்ளைச் சர்க்கரை வருவதற்கு முன்பே அப்பெயர் நம்மிடம் இருந்தமைக்கு அதுவே சான்று.

இனி, வரலாற்றின் துயரமான பகுதிக்கு வருவோம். 1493-ஆம் ஆண்டுப் பயணத்தில் கொலம்பஸ் கரும்பை மேற்கிந்தியத் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அங்கே எழுந்த தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்து மாண்டனர். அடிமை முறை ஒழிந்தபின் 1834 முதல் மொரீசியஸுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவருள் தமிழர் பலர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துன்பத்தைப் பாரதியார் பாடினார். சர்க்கரை மலிந்ததற்கு இம்மனிதர்கள் கொடுத்த விலையை நாம் மறத்தல் ஆகாது.

வெள்ளைச் சர்க்கரைக்கு நம் மக்கள் இட்ட பெயர்கள் இரண்டு. சீன நாட்டை நினைவூட்டும் 'சீனி' ஒன்று. கஞ்சம் மாவட்டத்து ஆலை ஊரின் பெயரால் வந்த 'அஸ்கா' மற்றொன்று. அஸ்கா அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்று ஒடிசாவில் உள்ளது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. கரும்பை நாணல் இனத்தோடு கலந்து அங்கு உருவாக்கிய வகைகள் நாடெங்கும் பரவின. உழவர்க்கு அது பெருநன்மை. ஆனால் திருநாளில் வந்த இனிப்பு நாள்தோறும் வரலாயிற்று. தானியத்தின் துணையின்றித் தேநீரிலும் குளிர்பானத்திலும் கரைந்து வரலாயிற்று.

ஆகவே, நாம் இழந்தவை இரண்டு: இனிப்புக்கிருந்த துணையும், அதற்கிருந்த இடைவெளியும். இவற்றை மீட்பதே நான் கூறும் நடுவழி.

வெல்லத்தைப் பற்றிய மயக்கம் ஒன்றையும் இங்கே நீக்க வேண்டும். 100 கிராம் சர்க்கரையில் ஏறத்தாழ 400 கலோரி உண்டு. வெல்லத்தில் 380 அளவு. வேறுபாடு சிறிதே. உலக சுகாதார நிறுவனம் 2015-இல், சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குள் இருப்பின் மேலும் நன்று என்றும் கூறியது. 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். தேனும் வெல்லமும் பழச்சாறும் இக்கணக்கில் சேரும், முழுப்பழம் சேராது. மும்முறை தேநீர் அருந்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இட்டால் அந்த 25 கிராம் அதிலேயே தீர்ந்துவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்? தினையை வறுத்து இடித்து, ஏலத்தூளும் ஒரு தேக்கரண்டித் தேனும் கலந்து பிசையலாம். பாசிப்பயற்றை வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சிறிது கருப்பட்டியும் தூவலாம். வறுத்த எள்ளைப் பேரீச்சம்பழத்தோடு இடித்து நெல்லிக்காய் அளவு உருட்டினால் வெல்லமே வேண்டாம். இவ்வுருண்டையிலும் ஆற்றல் மிகுதி, ஒன்றே போதும். எனினும் தானியமும் பயறும் எள்ளும் பசியைத் தணிக்கும். வெறும் சர்க்கரை அதனைச் செய்யாது. நீரிழிவு உள்ளவர் இவற்றையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை மகிழ்ந்து உண்ணுங்கள், நண்பர்களே. மறுநாள் காலைத் தேநீரில் ஒரு கரண்டியைக் குறையுங்கள்.