வலம்புரியும் இடம்புரியும்

வடம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. ஊர் கூடி இழுக்கும் தேருக்கு வடம் உண்டு; கழுத்தில் அணியும் முத்துமாலைக்கும் வடம் என்றே பெயர். இழைகளைச் சேர்த்து முறுக்கினால் புரி. புரிகளைச் சேர்த்து முறுக்கினால் வடம். முறுக்கு வலமாகச் சென்றால் வலம்புரி. இடமாகச் சென்றால் இடம்புரி. வலம்புரிக் கயிற்றின் நுனியை இடம்புரிக் கயிற்றின் நுனியோடு பிணைத்து இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அவிழ்க்கத் தொடங்கும் என்பது கயிறு திரிப்பவர் அனைவரும் அறிந்த உண்மை. இவ்வெளிய உண்மை மறக்கப்பட்டதனால், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே பொறியாளர்கள் திகைத்து நின்ற வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் ஒரு நுனி இங்கிலாந்தின் ஆலைகளில் இருக்கிறது. மற்றொரு நுனி சிங்கப்பூரின் காடுகளில் இருக்கிறது.

மரப்பால் தந்த காப்பு

சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி, மலாய் உழைப்பாளி ஒருவரின் பாராங் கத்திப் பிடியைக் கண்டு வியந்தார். அது மரமுமன்று, கொம்புமன்று. வெந்நீரில் இட்டால் இளகிற்று. ஆறியபின் கொடுத்த வடிவத்தில் இறுகி நின்றது. தாபான் என்னும் காட்டுமரத்தின் பாலிலிருந்து கிடைத்த அப்பொருளே கட்டாபெர்ச்சா. இலுப்பையும் மகிழும் சப்போட்டாவும் எக்குடும்பத்தைச் சேர்ந்தவையோ, தாபானும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1843ஆம் ஆண்டில் மாண்ட்கோமரியும், சிங்கப்பூரில் வாழ்ந்த ஹோசே டி அல்மெய்டாவும் அதன் மாதிரிகளைத் தனித்தனியே லண்டனுக்குச் சேர்ப்பித்தனர்.

1848இல் மைக்கேல் பாரடே இப்பொருள் மின்சாரத்தைக் கசியவிடாது என்பதை எடுத்துரைத்தார். கடல்நீர் அதனைக் கெடுக்கவில்லை. ஆழ்கடலின் குளிரோ அதற்கு மேலும் உறுதி தந்தது. கடலடியில் தந்திக் கம்பி இட விழைந்தோர்க்கு வேண்டியதும் இதுவே. 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, கட்டாபெர்ச்சா பூசிய செப்புக்கம்பி ஒன்று வேறு கவசம் ஏதுமின்றி இடப்பட்டது; விரைவிலேயே அறுந்தது. மறு ஆண்டில் இரும்புக் கம்பிகளைச் சுற்றிலும் முறுக்கிக் கவசமாக்கிய வடம் இடப்பட்டது, அது நிலைத்தது. சுரங்கங்களுக்கு இரும்புக்கயிறு திரித்த தொழில், அன்று முதல் செய்தி சுமக்கும் தொழிலாகவும் ஆயிற்று.

முறுக்கின் கணக்கு

ஒரே அளவுள்ள காசுகள் ஏழினை மேசைமீது வைத்துப் பார்க்கும் மாணவன் ஓர் உண்மையைக் காண்பான். நடுவே ஒன்றிருக்க, ஆறு காசுகள் இடைவெளியின்றி அதனைச் சூழும். கம்பிக்கும் இதுவே விதி. ஏழு மெல்லிய செப்புக்கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால், ஒன்று முறிந்தாலும் எஞ்சியவை மின்னோட்டத்தைச் சுமந்து செல்லும்.

முறுக்கும் இயந்திரத்தில் சுழலும் கூடு ஒன்று உண்டு. கம்பி சுற்றிய உருளைகள் அக்கூட்டில் பொருத்தப்பட்டிருக்கும். நடுக்கம்பி முன்னே இழுபட, கூடு சுழன்று மற்றக் கம்பிகளை அதன்மேல் சுற்றும். எல்லாம் ஒரு துளையச்சின் வழியே நெருங்கி வெளிவரும். கூடு ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் வடம் எவ்வளவு தூரம் நகர்கிறதோ, அதுவே ஒரு புரியின் நீளம். சுழற்சியின் விரைவும் இழுப்பின் விரைவும் பற்சக்கரங்களால் இசைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் புரி ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். ஒவ்வோர் உருளையும் ஒரே அளவு தடையுடன் கம்பியை விடுதல் வேண்டும். இல்லையேல் தளர்ந்த கம்பி புடைத்து நிற்க, இறுகிய கம்பியே முழுச் சுமையையும் தாங்கி முதலில் அறும். விரைவு, இழுவிசை, துளையின் விட்டம் ஆகிய இம்மூன்றையும் அளந்து திருத்தி ஒருப்படுத்துவதே இயந்திரத்தை அளவமைத்தல் எனப்படும்.

கடல் நடுவே ஒரு முடிச்சு

1857இல் அட்லாண்டிக் வடம் உருவாயிற்று. ஏழு செப்புக்கம்பிகளின் மேல் மூன்று பூச்சுக் கட்டாபெர்ச்சா. அதன்மேல் தாரில் நனைத்த சணல். அதன்மேல் ஏழேழு இரும்புக்கம்பிகளால் ஆன பதினெட்டுப் புரிகள். பணி விரைவில் முடிதல் வேண்டி, பாதி வடம் கிரீனிச்சில் ஒரு நிறுவனத்திடமும், பாதி பெர்க்கன்ஹெட்டில் மற்றொரு நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வோர் ஆலையும் தன் இயந்திரத்தைத் தன் வழக்கப்படி ஓட்டிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று வலம்புரி, மற்றொன்று இடம்புரி! நேரே பிணைத்திருந்தால் வடத்தின் எடையே இணைப்பைப் பிரித்துவிடும். முனைகள் சுழலாதபடி மரச்சட்டம் ஒன்று அமைத்தே அவற்றை இணைக்க வேண்டியதாயிற்று.

1858 ஆகஸ்டு 5ஆம் நாள் அவ்வடம் கரை சேர்ந்தது. அரசியின் வாழ்த்து அமெரிக்கா சென்றது. நகரங்கள் விழாக் கொண்டாடின. ஒரு மாதம் முடிவதற்குள் வடம் ஊமையாயிற்று. வெயிலில் கிடந்து காப்பு இளகியிருந்தது. சில இடங்களில் செப்பு நடுவிலிருந்து விலகியிருந்தது. போதாக்குறைக்கு, ஏறத்தாழ 2,000 வோல்ட்டு மின்னழுத்தமும் அதன்மேல் செலுத்தப்பட்டது. செப்பின் தரமும் ஒரு சீராக இல்லை; ஒரே தடிமனுள்ள கம்பிகள் மின்சாரத்தைக் கடத்தும் திறனில் பெரிதும் வேறுபடுவதை வில்லியம் தாம்சன் 1857லேயே கண்டறிந்திருந்தார்.

இத்தோல்விகளை ஆராய்ந்த குழு 1861இல் அறிக்கை அளித்தது. அதுவரை இடப்பட்ட 11,000 மைலுக்கு மேற்பட்ட கடல்வடத்துள் ஏறத்தாழ 3,000 மைலே வேலை செய்தது என்பது அதனால் வெளிப்பட்டது. 1859இல் சிங்கப்பூரையும் பத்தேவியாவையும் இணைத்த வடமும் அடிக்கடி அறுந்து, விரைவில் கைவிடப்பட்டதே. இதன் பின்னரே அளவுகள் பிறந்தன. மின்தடைக்குப் பொது அலகு வகுக்கப்பட்டது. செப்பின் தூய்மை சோதிக்கப்பட்டது. காப்பிட்ட கம்பி 75 பாரன்ஹீட் பாகை நீரில் ஒருநாள் முழுதும் ஊறவைத்து அளக்கப்பட்டது. அளவு நிலைபெற்றபின் 1866இல் அட்லாண்டிக் வடமும் நிலைபெற்றது.

சென்னைக்குச் சென்ற வழி

1870இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடல்வடம் இடப்பட்டது. கப்பல் சுமந்து வரும் மடலுக்காக நாள்கணக்கில் காத்திருந்த வணிகர், விலை நிலவரத்தைத் தந்தியால் அறியலாயினர். அடுத்த ஆண்டில் வடம் ஹாங்காங்கை எட்டியது. 1887இல் மகதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' இதழைத் தொடங்கியபோது, தமிழகத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அந்த வடம் பதினாறு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தது.

அளக்கப்படாத ஒன்று

ஆயினும் ஒன்று மட்டும் அளக்கப்படவில்லை. தாபான் மரத்தின் பால் ரப்பர்ப் பால்போல் கீறியவுடன் ஒழுகுவதன்று. எனவே மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். ஒரு மரம் தந்தது சில கிலோகிராம் பாலே. 1845 தொடங்கி 1847ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை சிங்கப்பூரிலிருந்து ஏற்றுமதியான சரக்குக்கு ஏறத்தாழ 69,000 மரங்கள் பலியாயின என்று அக்காலத்திலேயே கணக்கிட்டு எழுதினர். அப்போது கடலடியில் ஒரு வடம்கூட இடப்பட்டிருக்கவில்லை! தெலுக் பிளாங்காவில் இருந்த தெமங்கோங் இப்ராகிம் இவ்வணிகத்தால் பெருஞ்செல்வம் பெற்றார். சிங்கப்பூரில் மரம் அருகியதும் கோடரி ஜொகூருக்குச் சென்றது. பின்னர் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் சென்றது.

1883இல் நத்தானியல் கேன்ட்லி என்பார் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தார். அதன் பின்னரே புக்கிட் தீமா உள்ளிட்ட காப்புக்காடுகள் அமைந்தன. ஜாவாவின் சிப்பெத்திரில் டச்சுக்காரர் 1885இல் தோட்டம் அமைத்து, மரத்தை வீழ்த்தாமல் இலையிலிருந்தே பாலைப் பிரிக்கும் முறையைப் பின்னர்க் கைக்கொண்டனர். 1933இல் கண்டுபிடிக்கப்பட்ட பாலித்தீன் கடல்வடத்துக்குக் காப்பாக வந்தபின்தான் தாபானின் தேவை ஒழிந்தது. கம்பியின் முறுக்கை மயிரிழை பிசகாது அளந்த அதே தலைமுறை, வீழ்ந்த மரத்துக்கு ஈடாக ஒரு கன்றை நடுதல் வேண்டும் என்னும் கணக்கை மறந்தது. ஆலையில் செய்த பிழையைக் கடல் ஒரே மாதத்தில் காட்டிவிட்டது. காட்டில் செய்த பிழை கண்ணுக்குப் புலப்பட நாற்பது ஆண்டுகள் ஆயின.

இன்று தேக்காச் சந்தையருகே நின்று ஒருவர் சென்னையில் உள்ள தாயுடன் கைப்பேசியில் பேசுகிறார். சென்னையையும் சிங்கப்பூரையும் நேரே இணைக்கும் ஒளியிழை வடங்கள் 2002இலும் 2004இலும் இடப்பட்டன. செய்தியைச் சுமப்பது இப்போது செம்பன்று, கண்ணாடி இழை. ஆயினும் அவ்விழையைக் காக்க எஃகுக் கம்பிகளைச் சுற்றி முறுக்கும் தொழில் மாறவில்லை; புரியின் நீளமும் இழுவிசையும் பிசகாதிருத்தல் வேண்டும் என்னும் விதியும் மாறவில்லை. புக்கிட் தீமாக் காட்டிலோ தாபான் இன்று அரிய மரம். கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறம் செம்பின் நிறத்தில் மின்னக் காண்பர்.