நியூக்ளியோசைடு

நைட்ரஜன் அடங்கிய காரம் ஒன்றும் ஐந்து கார்பன் சர்க்கரை ஒன்றும் இணைந்த மூலக்கூறு நியூக்ளியோசைடு. ஆர்.என்.ஏ.வில் இந்தச் சர்க்கரை ரைபோஸ், டி.என்.ஏ.வில் இரண்டாம் கார்பனில் ஓர் ஆக்சிஜன் குறைந்த டிஆக்சிரைபோஸ். அடினோசின், குவானோசின் ஆகியவற்றில் காரத்தின் ஒன்பதாம் நைட்ரஜனும், சைட்டிடின், யூரிடின், தைமிடின் ஆகியவற்றில் முதலாம் நைட்ரஜனும் சர்க்கரையின் முதல் கார்பனைப் பற்றிக்கொள்கின்றன. ஐந்தாம் கார்பனில் பாஸ்பேட் சேர்ந்தால் அது நியூக்ளியோடைடு. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி., மூன்று பாஸ்பேட் சேர்ந்த அடினோசினே.

மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட் செல்சவ்வை எளிதில் கடக்காது. நியூக்ளியோசைடோ அதற்கென உள்ள கடத்திப் புரதங்கள் வழியே உள்ளே போய்விடும். உள்ளே போனபின் செல்லின் நொதிகளே அதற்குப் பாஸ்பேட் சேர்க்கின்றன. வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் பல நியூக்ளியோசைடின் சாயலில் அமைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். தைமிடினை ஒத்த எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடினில் மூன்றாம் கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் அசைடு தொகுதி இருக்கிறது. அடுத்த கண்ணியை மாட்ட இடமில்லாமல், எச்.ஐ.வி. எழுதும் டி.என்.ஏ. இழை அங்கேயே நின்றுவிடும். காப்புரிமை பெற்ற இம்மருந்தின் பொதுப்பெயர் வடிவத்தை 2003இல் மலேசிய அரசு தன் மருத்துவமனைகளுக்காக இந்தியாவின் சிப்லாவிடமிருந்து இறக்குமதி செய்ய அனுமதித்தது. ஏழை நோயாளிகளுக்கு அது மிகத் தேவையான முடிவு.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவர்கள் இவ்வகை மருந்தை மிகக் கடுமையான சூழலில் கையாண்டது அதற்கும் முன்னர், 1999இல். பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான புதிய வைரஸை மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பாவே அதற்குப் பெயரானது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். தடுப்பூசியும் இல்லை, தனி மருந்தும் இல்லை. குவானோசினை ஒத்த ரிபாவிரினை மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ரைபோஸ் அப்படியே இருக்கும்; காரத்தின் இடத்தில் மட்டும் டிரையசோல் வளையம். செல்லின் குவானோசின் நியூக்ளியோடைடு இருப்பைக் குறைப்பது அதன் செயல்களில் ஒன்று.

2001இல் வெளியான மலாயாப் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வுப்படி, ரிபாவிரின் பெற்ற 140 பேரில் 45 பேர் இறந்தனர். பெறாத 54 பேரில் 29 பேர். எண்கள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் மருந்து பெறாதவர்கள் அது கிடைப்பதற்கு முன் வந்தவர்களும் வேண்டாம் என்றவர்களுமே. குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீடு அல்ல என்பதால், இதை உறுதியான சான்றாகக் கொள்வதற்கில்லை. உயிருக்குப் போராடுவோர் நடுவே அப்படியொரு ஒப்பீட்டை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. பின்னர் ஹாம்ஸ்டர்களில் நடந்த சோதனையில் ரிபாவிரின் இறப்பைத் தள்ளிப்போட்டதே தவிர, தடுக்கவில்லை.