விறகு, அருவி, காற்று: போத்தனூர் வட்டாரத்தின் ஆற்றல் வரலாறு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கிறது போத்தனூர். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அற்றுக் கிடக்கும் இடம் அது. மதராஸ் ரயில்வே கம்பெனி 1862இல் இந்த இடைவெளி வழியாகத்தான் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைத்தது. அன்று பெரிய நிலையம் போத்தனூர்தான். கோயம்புத்தூர் நகரம் ரயிலைப் பார்க்க, 1873இல் மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போடப்படும் வரை காத்திருந்தது. வைகாசி பிறந்ததும் தென்மேற்குக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதும் இதே இடைவெளி வழியாகத்தான். ஆனால் அந்தக் காற்றுக்கு விலை உண்டென்று கண்டுகொள்ள ரயில் வந்த பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: முதலில் எல்லாம் நிலக்கரியில் ஓடியது, இப்போது அதை விட்டு விலகுகிறோம் என்பது. இங்கிலாந்தின் லங்காஷயருக்கு அது பொருந்தலாம், போத்தனூர் அடங்கிய கொங்கு நாட்டுக்குப் பொருந்தாது. இங்கே தொழில் வளர்ந்தது அருவி நீரில். நிலக்கரி பின்னால் வந்து சேர்ந்தது. அதற்குப் பின் காற்று வந்தது, அதுவும் சூழலியல் அக்கறையால் அன்று. மின்வெட்டும் வருமான வரியும் சேர்ந்து அழைத்து வந்தன. இக்கட்டுரை நிறுவ முயல்வது இந்த வரிசையைத்தான்.

தொடக்கத்தில் எரிந்தது விறகு. வங்காளத்துச் சுரங்கங்கள் தொலைவில் இருந்தன, கப்பலில் வரும் ஆங்கிலேய நிலக்கரி கட்டுப்படியாகவில்லை. எனவே மதராஸ் ரயில்வேயின் என்ஜின்கள் நெடுங்காலம் விறகையே தின்றன. தண்டவாளக் கட்டைகளுக்கும் காடுகள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக 1856இல் பொறுப்பேற்ற ஹ்யூ கிளெக்ஹார்ன் இதைக் கண்டு கவலைப்பட்டதும், 1882இல் வனச் சட்டம் வந்ததும் இந்தப் பின்னணியில்தான். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய கோவையின் முதல் நூற்பாலையும் நீராவியில் ஓடியதே. மண் பருத்திக்கு ஏற்றது, வேலைக்கு ஆள் உண்டு, ரயிலும் உண்டு. ஆனால் கொதிகலனுக்குப் போட மலிவான எரிபொருள் இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் இங்கே எழுந்த ஆலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கட்டை அவிழ்த்தது பைக்காரா நீர்மின் திட்டம். நீலகிரியில் நீர்மின்சாரம் அதற்கு முன்பே இருந்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டேரி அருவி வேலை செய்தது. அது ஒரு தொழிற்சாலையின் தேவையோடு நின்றது. சென்னை அரசு 1927இல் மின்துறையைத் தனியாக அமைத்து, எச். ஜி. ஹோவர்டு தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில் பைக்காரா வேலையைத் தொடங்கி, 1932இல் முடித்தது. 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர் அங்கே சுழலியைத் தாக்கியது. அந்த மின்சாரம் சமவெளிக்கு வந்தபோது உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. பருத்தி விலை விழுந்திருந்தது, பணம் வைத்திருந்த உழவரும் வணிகரும் முதலீட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கொதிகலன் வேண்டாம், விறகுக் கிடங்கு வேண்டாம், மோட்டாரை மாட்டினால் ஆலை ஓடும் என்றானதும் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் ஆலைகள் அடுத்தடுத்து முளைத்தன. 1933இல் தென்னிந்திய மில் அதிபர்கள் சங்கம் உருவானதும் தற்செயல் அன்று. 1937இல் மேட்டூர் அணையின் மின்சாரம் வந்தது, அது ஈரோட்டில் பைக்காராவோடு இணைக்கப்பட்டது.

இதைத் தூய நீர்மின் யுகம் என்று கொண்டாடிவிடக் கூடாது. போத்தனூருக்குப் பக்கத்தில் மதுக்கரையில் 1934இல் தொடங்கிய சிமென்ட் ஆலையின் சூளைக்கு நிலக்கரிதான் வேண்டியிருந்தது. மின்சாரம் நிலக்கரியைத் துரத்தவில்லை. அதனால் முடியாத வேலைகளுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்தது.

ஆலையைவிட ஆழமான மாற்றம் கிணற்றில் நடந்தது. கவலை பூட்டி மாடுகளை முன்னும் பின்னும் ஓட்டி நீர் இறைத்த ஊர்கள் இவை. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் மின்மோட்டாரைத் தயாரித்தார்கள். பிறகு பம்புசெட் என்றாலே கோவை என்றானது. மின்கம்பம் தோட்டத்துக்கு வந்தது, மாடுகள் குறைந்தன, கிணறு ஆழமானது. கிணறு ஆழமாக ஆழமாகக் குதிரைத்திறன் கூடியது. மின்கட்டணம் உழவர் அரசியலின் மையமானதும் அப்போதுதான். கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உழவர்கள் மாண்டார்கள். 1972இல் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகள் கோவை நகரத்தை அடைத்து நின்றன. 1980களில் சிறு உழவர்களுக்கு வந்த இலவச மின்சாரம், 1990 வாக்கில் எல்லாப் பாசனப் பம்புகளுக்கும் விரிந்தது. அந்தச் சுமை மின்வாரியக் கணக்கில் ஏறியது. அதில் ஒரு பங்கு ஆலைகளின் கட்டணத்தில் விடிந்தது.

நிலக்கரி கொங்கு நாட்டு வாழ்வில் உண்மையில் நுழைந்தது இந்தக் கட்டத்தில்தான். மழை பொய்த்தால் அணை வற்றும், அணை வற்றினால் ஆலை நிற்கும். அந்த அனுபவத்துக்குப் பின் மாநிலம் அனல்மின்சாரத்தின் மேல் சாய்ந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி 1962இலும், எண்ணூர் 1970இலும், தூத்துக்குடி 1979இலும் வந்தன. 1987இல் தொடங்கிய மேட்டூர் அனல்நிலையத்துக்கு ஒடிசாவின் நிலக்கரி கப்பலேறி வந்து, துறைமுகத்திலிருந்து ரயிலேறி உள்நாட்டுக்குப் போகிறது. நீர்மின்சாரத்தால் பேர் பெற்ற அணைக்குப் பக்கத்திலேயே புகைபோக்கிகள் எழுந்தன. போத்தனூர் வழியாகப் போகும் ரயில்கள் இன்று மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த மின்சாரத்திலும் நிலக்கரிக்குப் பங்குண்டு என்பதை மறந்துவிட்டுத்தான் அதைப் பசுமை என்கிறோம்.

இனி காற்று. வானிலை அறிவியலாளர் அன்னா மணி 1980களில் தொகுத்த காற்றுத் தரவுகள், எங்கே எவ்வளவு வீசுகிறது என்பதை விரிவாக எண்களில் வைத்தன. 1986இல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் எந்திரங்களோடு சோதனைப் பண்ணை அமைந்தது. கணவாய்க் காற்றை அளக்கப் பூளவாடி, கேத்தனூர் போன்ற இடங்களில் கோபுரங்கள் நட்டார்கள். 1990களில் தனியார் புகுந்தார்கள். அவர்களை இழுத்தது காற்றைவிட வருமான வரிச் சட்டம். காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. லாபம் காட்டிய ஆலைக்காரர் மார்ச் மாதத்துக்குள் காத்தாடி நட்டால் வரி குறையும். எந்திரம் எவ்வளவு உற்பத்தி செய்தது என்பது இரண்டாம் கேள்விதான். தரமற்ற எந்திரங்களும் அந்த அலையில் வந்தன. 1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் அலை சட்டென்று அடங்கியது. சலுகையை நம்பி வளர்ந்த துறை என்ற பழிச்சொல் அப்போது பிறந்தது. அதில் நியாயம் உண்டு.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. நூற்பாலைக்கு மின்சாரம் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவு. தன் காத்தாடியில் விளைந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே தன் ஆலைக்கே கொண்டுபோகலாம், காற்றுக் காலத்தில் மிஞ்சுவதை வாரியத்தின் கணக்கில் வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்ற இரண்டு ஏற்பாடுகளும் வரிச்சலுகையைவிட உறுதியான அடித்தளமாயின. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் விதிகளும் பலர் கூடிச் சொந்த உற்பத்தி நிலையம் வைக்க வழிசெய்தன: பயன்படுத்துவோரிடம் 26 விழுக்காடு பங்கு இருந்து, உற்பத்தியில் 51 விழுக்காட்டை அவர்களே நுகர்ந்தால் போதும். உடுமலை, குடிமங்கலம், பொங்கலூர், சுல்தான்பேட்டை மேட்டாங்காடுகளில் காத்தாடிகள் நிறைந்தன. 2008 நவம்பரில் தொடங்கிய மின்கட்டுப்பாடு 2012இல் நாளுக்கு 12 மணி நேரத்தையும் தாண்டியபோது, டீசல் ஜெனரேட்டரும் சொந்தக் காத்தாடியும் இல்லாத சிறு பட்டறைகள்தான் முதலில் சாய்ந்தன. கொங்கு நாட்டின் காற்றுப் புரட்சியைப் பாராட்டி எழுதுவோர் இந்த ஏற்றத்தாழ்வைத் தொடுவதில்லை. சோமனூர் விசைத்தறிக்காரருக்குச் சொந்தக் காத்தாடி எட்டாக்கனி. அவர் இன்றும் அரசின் மானிய மின்சாரத்தில்தான் தறி ஓட்டுகிறார்.

காற்றின் குறை அதன் பருவம். ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் முடிந்துவிடுகிறது, ஆலையோ ஆண்டு முழுதும் ஓட வேண்டும். எனவே கணக்கில் வைத்து எடுக்கும் வசதியைச் சுற்றியே வாரியத்துக்கும் ஆலைகளுக்கும் இன்றைய சண்டை நடக்கிறது. 2018க்குப் பின் நிறுவிய எந்திரங்களுக்கு அவ்வசதி சுருக்கப்பட்டது. வாரியம் சொல்வதிலும் பொருள் இருக்கிறது: மலிந்த காலத்தில் வாங்கி வைத்ததை அரிதான காலத்தில் திருப்பிக் கொடுக்க, அது சந்தையில் விலைகொடுத்து வாங்க வேண்டும். காகிதக் கணக்கு மின்சாரத்தைச் சேமிப்பதில்லை. நாளுக்குள் வரும் ஏற்ற இறக்கத்துக்காவது சேமிக்க இடம் மலையில் இருக்கிறது. ஆனைமலையின் காடம்பாறையில் 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் நிலையம், மிகை நேரத்தில் நீரை மேலே ஏற்றித் தேவை நேரத்தில் இறக்குகிறது. நீலகிரியின் குந்தாவில் அதே வகையில் 500 மெகாவாட் நிலையத்துக்கான வேலை நடந்துவருகிறது. ஆலைக் கூரைகளில் சூரியத் தகடுகள் பரவிவிட்டதால் பகல் தேவைக்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது; காற்று ஓய்ந்த மாதங்களின் இரவுக்கு இல்லை.

இதற்கிடையே 1990களின் எந்திரங்கள் முதுமை எய்திவிட்டன. காற்று மிகச் சிறப்பாக வீசும் நிலங்களில் 225, 250 கிலோவாட் காத்தாடிகள் இன்னும் நிற்கின்றன. அதே இடத்தில் 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட எந்திரத்தை நிறுவலாம். 2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அதில் இருந்த மேம்பாட்டுக் கட்டணத்தை ஆலை உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். நூற்பாலைச் சங்கம் ஒன்று உயர்நீதிமன்றம் வரை சென்றது.