பின்னி ஜெயிச்ச வழக்கு, தொழிலாளிக்குக் கிடைச்ச சட்டம்

உங்க ஆஃபர் லெட்டரோட வந்த அக்ரிமெண்டை ஒரு தடவை திறந்து பாருங்க. கம்பெனியை விட்டுப் போன பிறகு பழைய டீம் ஆட்களை வேலையை விடச் சொல்லித் தூண்டக் கூடாதுன்னு ஒரு பிரிவு அநேகமா இருக்கும். நாம ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போற இடம் அது. ஆனா இந்தத் 'தூண்டுதல்'ங்கிற யோசனைக்கு ஒரு பழைய கதை இருக்கு. லண்டன் ஓப்பரா அரங்குல ஆரம்பிச்சு, நம்ம பெரம்பூர் வரைக்கும் வந்த கதை.

1853. லம்லிங்கிற அரங்க முதலாளியிடம் பாட ஒப்பந்தம் போட்டிருந்தார் ஜெர்மன் பாடகி யோஹன்னா வாக்னர். போட்டி அரங்கத்தின் கை, அதிகப் பணம் தருகிறேன் என்று அவரை இழுத்தார். லம்லி பாடகி மேல மட்டும் இல்ல, கை மேலயும் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தூண்டுகிற மூன்றாவது ஆள் மீதும் வழக்குத் தொடரலாம் என்றது நீதிமன்றம். ரெண்டு முதலாளிங்க சண்டைதானே, யாருக்கு என்ன நஷ்டம்னு தோணும். ஆனா அதே லாஜிக்கை ஸ்ட்ரைக்குக்குப் பொருத்திப் பாருங்க. தொழிலாளி வேலைக்கு வரேன்னு ஒப்பந்தம் பண்ணியிருக்கார். சங்கத் தலைவர் 'போகாதீங்க'ன்னு சொன்னா? அதுவும் தூண்டுதல்தான்!

இப்ப பெரம்பூருக்கு வருவோம். பின்னி கம்பெனி நிர்வகித்த பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் மில், மெட்ராஸின் பெரிய வேலை தரும் இடங்களில் ஒன்று. 1918 ஏப்ரல் 27-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. முன்கை எடுத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். தலைவர் பி.பி.வாடியா. பம்பாய் பார்சி, அன்னி பெசன்ட்டின் சகா. துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. சாப்பாட்டு நேரம் பத்தலை, மேலாளுங்க மரியாதை இல்லாம நடத்துறாங்க. இதுதான் அவங்க முதல் புகார்கள்ல முக்கியமானது. சம்பளம் அதுக்குப் பக்கத்துல வருது. சங்கத்தை அங்கீகரிக்க நிர்வாகம் தயாராக இல்லை.

1920 கடைசியில் தகராறு முற்றியது. கதவடைப்பு, டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நிர்வாகம் இன்னொரு பக்கம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனது. தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்ட சங்க நிர்வாகிகள் மேல் வழக்கு, நஷ்டஈடும் கேட்டது. கோர்ட் தடை உத்தரவு கொடுத்தது. ஓப்பரா பாடகிக்காகப் பிறந்த தத்துவம், மில் தொழிலாளியின் சங்கத்துக்கு எதிராக வேலை செய்தது. கடைசியில் சமரசம்: வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும், நஷ்டஈடு வழக்கு கைவிடப்படும்.

இதுல கவனிக்க வேண்டியது, நீதிபதி சட்டத்தை வளைக்கலைங்கிறதுதான். இங்கிலாந்தில் 1906-லேயே சட்டம் போட்டு, தொழில் தகராறில் 'தூண்டுதல்' வழக்கு செல்லாது என்று பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். இந்தியாவுக்கு அந்தத் தத்துவம் மட்டும் வந்தது, பாதுகாப்பு வரவில்லை. அந்த ஓட்டை வழியாத்தான் பின்னி ஜெயிச்சது.

ஆனா அந்த வெற்றிதான் ஓட்டையை எல்லார் கண்ணுக்கும் காட்டிக் கொடுத்துச்சு. 1921 மார்ச்சில் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. அதன் 18-வது பிரிவு நேராக வாடியா வழக்குக்குப் பதில் சொன்னது: தொழில் தகராறை ஒட்டி வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதை மட்டும் காரணம் காட்டி, பதிவு பெற்ற சங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போட முடியாது. வாடியா மாதிரி 'வெளியாள்' பிரச்சினைக்கும் பதில் இருந்தது. அப்போதைய விதிப்படி நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்பவராக இருக்க வேண்டியிருந்தது. மீதி இடத்தில் வெளியாள் வர முடிந்தது.

சும்மா கிடைக்கலை இந்தப் பாதுகாப்பு. சங்கம் விதிமுறை எழுதணும், நிதியைச் சட்டம் சொன்ன காரியங்களுக்கு மட்டும் செலவு பண்ணணும், வருஷா வருஷம் கணக்குக் காட்டணும். முதலாளிக்குக் கிடைச்சது என்ன? பேச்சுவார்த்தைக்கு முகவரி உள்ள ஒரு தரப்பு. 'கம்ப்ளையன்ஸ்'னா ஹெச்.ஆர். அனுப்புற ஃபார்ம்னு நினைக்கிறோம். அது ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒரு விலை.

அதனாலதான் பதிவுங்கிறது இன்னிக்கும் சண்டைக்குரிய விஷயம். 2024 செப்டம்பரில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் 37 நாள் ஸ்ட்ரைக் நடந்ததே, அதில் மையக் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிப்பது. சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் இருப்பதை நிர்வாகம் எதிர்த்தது. விஷயம் ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. 1926 சட்டத்தின் விதிகள் இப்போது 2020-ன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனா கேள்வி மாறலை.

ஸ்டார்ட்அப் நடத்துறவங்க, டீம் லீடா இருக்கறவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா, உங்களுக்கு ஒண்ணு. பின்னி ஒரு தலைவரை வெளியே அனுப்பிச்சது. சாப்பாட்டு நேரமும் மரியாதையும் மில்லுக்குள்ளயேதான் இருந்தது. வக்கீலுக்கு போன் போடறதுக்கு முன்னாடி, அந்தப் புகாரை முதல்ல முழுசாக் கேளுங்க.