விம்பிள்டனின் சொட்டைகள்

2012 ஜூலை 8. விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் ஃபெடரர் ஏழாவது முறையாகக் கோப்பையைத் தூக்கினார். தோற்ற ஆண்டி மர்ரே மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதது பலருக்கு நினைவிருக்கும். தலைமை மைதானப் பராமரிப்பாளர் எடி சீவார்டின் கவலையோ தரையில் இருந்தது. இரண்டு பேஸ்லைன்களிலும் புல் தேய்ந்து மண் தெரிந்தது. இருபதே நாளில், ஜூலை 28 அன்று, அதே தரையில் லண்டன் ஒலிம்பிக்ஸ் டென்னிஸ் தொடங்கியாக வேண்டும்.

அந்தச் சொட்டைகளுக்கே ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளின் ஆடுகளப் படங்களைப் பாருங்கள். பேஸ்லைனிலிருந்து வலைவரை ஒற்றையடிப்பாதை மாதிரி தேய்ந்திருக்கும். சர்வ் போட்டதும் வலையை நோக்கி ஓடிய கால்களின் தடம் அது. 2001 இறுதியாட்டத்தில் இவானிசெவிச்சும் ராஃப்டரும் அப்படித்தான் ஓடினார்கள். அடுத்த ஆண்டு ஹியூவிட்டும் நல்பாண்டியனும் பின்னால் நின்றே ஆடினார்கள். சொட்டையும் பின்னால் போய்விட்டது.

இந்த மாற்றத்துக்குப் பலரும் புல்லைத்தான் குற்றம் சொல்வார்கள். முன்பு விதையில் 70 சதவீதம் ரைகிராஸ், 30 சதவீதம் ஃபெஸ்க்யூ. 2001 முதல் முழுக்க ரைகிராஸ். மிதி தாங்கும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. ராக்கெட் நரம்புகளும் அந்தக் காலத்தில்தான் மாறின, ஆகவே பழியை முழுசாகப் புல்மேல் போடுவது அநியாயம் என்பேன்.

ஆனால் ரைகிராஸுக்கு ஒரு குணம் உண்டு. நம்ம அருகம்புல் மாதிரி ஓடிப் படராது. நெல்லைப் போல நின்ற இடத்திலேயே தூர் கட்டும். அடிக்கடி வெட்ட வெட்டத் தூர் பெருகி அடர்த்தியாகும். விம்பிள்டனில் போட்டியின்போது 8 மில்லிமீட்டர் உயரம்தான் விடுவார்கள். ஆனால் மண் தெரியும் இடத்தைப் பக்கத்துப் புல் வந்து மூடும் என்று காத்திருக்க முடியாது, விதைத்துத்தான் ஆகவேண்டும். சாதாரண விதை முளைக்கவே ஒரு வாரம் பிடிக்கும். மற்ற வருடங்களில் போட்டி முடிந்ததும் விதைத்துவிட்டு மாதக்கணக்கில் வளர விடலாம். இங்கே கெடு எழுதி ஒட்டியிருந்தது. மென்பொருள்காரர்களுக்கு அந்த வயிற்றுக்கலக்கம் புரியும்.

சீவார்டின் குழு விதையை முன்பே முளைகட்டி வைத்து பேஸ்லைனில் விதைத்தது. நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டும் நம்மூர் விவசாயிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜூலை 28 அன்று ஆட்டம் தொடங்கியபோது பேஸ்லைன் மறுபடி பச்சையாக இருந்தது.

ஆகஸ்ட் 5 அன்று ஒலிம்பிக் இறுதியாட்டம். அதே சென்டர் கோர்ட், அதே இருவர். மர்ரே 6-2, 6-1, 6-4 என்று ஃபெடரரை வென்று தங்கம் வாங்கினார். சீவார்ட் அந்த ஆண்டே ஓய்வு பெற்றார்.