பழைய இரும்பில் பிறந்த பனிவண்டி



கனடாவில் குடியேறிவிட்ட நம் பிள்ளைகள் சிலர், குளிர்காலத்தில் காட்டுப் பாதைகளில் ஓட்டுவதற்குப் பழைய ஸ்னோமொபைல் ஒன்றை வாங்கிச் சரிசெய்யும் யோசனையில் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பது போல ஒரு ரப்பர்ப் பட்டை, நடுவில் எஞ்சின், இருக்கை, கைப்பிடி. பனிமேல் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரலாற்று வாத்தியாரிடம் எதைக் கேட்டாலும் "அது எப்படித் தொடங்கியது தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார் என்பது உங்களுக்குப் புதிதல்ல. வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதில் பயன் உண்டு, பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வண்டி எந்தப் பெரிய ஆலையிலும் பிறக்கவில்லை. கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சேய்னர் என்ற சிற்றூரில் கார்ல் எலியாசன் என்றொரு கடைக்காரர் இருந்தார். காலில் குறைபாடு இருந்ததால், பனியில் வேட்டைக்குப் போகும் நண்பர்களோடு அவரால் ஈடுகொடுத்து நடக்க முடியவில்லை. படகு மோட்டார் ஒன்று, சைக்கிள் பாகங்கள், பழைய ஃபோர்டு காரின் ரேடியேட்டர் துண்டு ஆகியவற்றைச் சேர்த்து 1924-இல் ஒரு மோட்டார் சறுக்குவண்டி செய்தார். 1927-இல் காப்புரிமையும் பெற்றார்.

அதற்கு முன்பே கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊரில் ஒரு பையன் இதே வேலையில் இறங்கியிருந்தான். ஜோசப்-அர்மாண்ட் பாம்பார்டியர், 1907-இல் பிறந்தவன். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கும் ரகம். வகுப்புக்கு ஒருவராவது அப்படி இருந்தீர்களே, அந்த ரகம்தான். அப்பா அவனிடம் ஒரு பழைய ஃபோர்டு மாடல்-டி எஞ்சினைக் கொடுத்தார். 1922 கடைசியில், 15 வயதில், அந்த எஞ்சினைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பின்னால் விமான விசிறி போல ஒன்றை மாட்டித் தம்பியோடு தெருவில் ஓட்டிக் காட்டினான். வெளியே சுழலும் விசிறியைப் பார்த்துப் பயந்துபோன அப்பா, உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். 19 வயதில் சொந்தமாக ஒரு கராஜ் தொடங்கினார் பாம்பார்டியர். பகலில் பழுது பார்ப்பது, மற்ற நேரத்தில் பனிவண்டிச் சோதனை.

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமச் சாலைகளில் குளிர்காலப் பனியை யாரும் அள்ளுவதில்லை. பனி விழத் தொடங்கினால் காரைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்திவிட்டுக் குதிரைச் சறுக்குவண்டிக்கு மாறிவிடுவார்கள். 1934 குளிர்காலத்தில் பாம்பார்டியரின் இரண்டு வயது மகன் இவோனுக்கு வயிற்றில் கடுமையான அழற்சி வந்தது. சாலைகளைப் பனி மூடிக் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டி செய்ய பத்து வருடத்துக்கு மேலாக முயன்றுகொண்டிருந்தவரின் வீட்டில்தான் இது நடந்தது.

அடுத்த ஆண்டே முக்கியமான விடை கிடைத்தது. ரப்பர் போர்த்திய பற்சக்கரமும், அது இழுத்துச் சுற்றும் ரப்பர்ப் பட்டையும். எடை ஒரே இடத்தில் அழுந்தாமல் பட்டையின் நீளம் முழுவதும் பரவுவதால் வண்டி பனியில் புதையாது. 1937-இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பி-7 வண்டி வந்தது. பிறகு 12 பேர் அமரும் பி-12. மருத்துவர்கள், தபால்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதில் போனார்கள். ஆம்புலன்சாகவும் ஓடியது.

1948-இல் கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று கியூபெக் அரசு சட்டம் கொண்டுவந்தது. மக்களுக்கு நல்லது; பாம்பார்டியரின் வியாபாரத்துக்கு அடி. அவர் காட்டிலும் சுரங்கத்திலும் வேலை செய்யும் வண்டிகளின் பக்கம் திரும்பினார். எடை குறைந்த எஞ்சின்கள் வந்த பிறகு, ஒருவர் இருவர் மட்டும் போகும் சிறிய வண்டி என்ற பழைய கனவைக் கையில் எடுத்தார். 1959-இல் வந்ததுதான் ஸ்கி-டூ. அதன் எஞ்சின் 7 குதிரைசக்திதான். முதல் வண்டிகளில் ஒன்று, வடக்கு ஒன்டாரியோவில் பூர்வகுடிகளிடையே பணியாற்றிய மோரிஸ் வீமே என்ற பாதிரியாருக்குப் போனது. 1964-இல் 56 வயதில் பாம்பார்டியர் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ரயிலும் விமானமும் செய்தது. டெல்லி மெட்ரோவில் போயிருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அதன் பெட்டிகள் பல, குஜராத் சாவ்லியில் அந்த நிறுவனம் நடத்திய தொழிற்சாலையில் செய்யப்பட்டவை.

மினசோட்டாவின் ரோஸோ ஊர்க் கதையும் இதே மாதிரிதான். 1956-இல் ஒரு சிறு பட்டறைக்காரர்கள் தானியம் ஏற்றும் கன்வேயர் சங்கிலியையும் பழைய செவர்லே பம்பரையும் வைத்து ஒரு வண்டி செய்து, கையில் காசில்லாததால் 465 டாலருக்கு விற்றார்கள். அந்தப் பட்டறைதான் போலாரிஸ். 1968-இல் ரால்ப் பிளெய்ஸ்டெட் என்ற காப்பீட்டு விற்பனையாளர் ஸ்கி-டூவிலேயே வடதுருவம் வரை போய்ச் சேர்ந்தார்.

வண்டி எல்லாருக்கும் நல்லதே செய்ததா என்றால், இல்லை. பின்லாந்தின் வடக்கே கலைமான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்களிடம் 1960-களில் இது வந்து சேர்ந்தது. வண்டிக்கும் பெட்ரோலுக்கும் ரொக்கம் தேவைப்பட்டது. வாங்க வசதி இல்லாத குடும்பங்கள் மேய்ச்சல் தொழிலிலிருந்தே விலக நேர்ந்தது. மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ இதை ஆராய்ந்து 1973-இல் நூலாகவே எழுதினார்.

சரி, இந்த வரலாற்றுக்கும் நீங்கள் வாங்கப்போகும் பழைய வண்டிக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது.

1970 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த வண்டியைச் செய்தன. எண்ணெய் நெருக்கடியும் பனி குறைந்த குளிர்காலங்களும் சேர்ந்து பெரும்பாலானவற்றை மூடவைத்தன. கடைசியில் நிலைத்தவை ஸ்கி-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா என நான்குதான். யமஹாவும் விலகுவதாக 2023-இல் அறிவித்தது. ஆகவே மறைந்துபோன கம்பெனியின் வண்டி மலிவாகக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். அலங்காரத்துக்கு வைக்கலாம், பாகம் கிடைக்காத வண்டியை நம்பிக் காட்டுக்குள் போகக் கூடாது.

பழைய வண்டிகளில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக். நம் பழைய யெஸ்டி, ஆர்எக்ஸ்-100 போலத்தான். கோடை முழுவதும் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். எரிபொருள் குறைந்தால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் வாங்கியதும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், பெட்ரோல் குழாய்களை மாற்றுங்கள். வாங்கும் முன்னே ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், குளிர்ந்த பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியில் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

சக்தியைப் பட்டைக்குக் கொண்டுபோவது, நம்மூர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட். அது அறுந்தால் வண்டி நகராது. புது பெல்ட் போட்டு, இன்னொன்றைக் கூடவே வைத்திருங்கள். பனிப்பட்டை உள்ளே பிளாஸ்டிக் தண்டவாளத்தின்மேல் வழுக்கி ஓடுகிறது. அதற்குப் பனிதான் மசகு. நீர்க்குளிர்ச்சி எஞ்சின் என்றால், பட்டை வாரியடிக்கும் பனிதான் அதைக் குளிர்விக்கும். வெறும் பனிக்கட்டியிலும் தார்ச்சாலையிலும் ஓட்டினால் இரண்டும் கெடும். பட்டையில் கிழிசலும், சக்கர பேரிங்குகளில் ஆட்டமும் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

கியூபெக்கில் மட்டும் 30,000 கிலோமீட்டருக்கும் மேல் பாதைகள் இருக்கின்றன. உள்ளூர்க் கிளப்புகளின் தன்னார்வலர்களே பெரும்பாலும் பராமரிக்கிறார்கள். பாதை அனுமதிச்சீட்டை வாங்கிவிட்டுப் போங்கள். ஏரிப் பனியின் கனம் தெரியாமல் அதன்மேல் ஏறாதீர்கள். தனியாகப் போக வேண்டாம். இரண்டு வண்டியாகப் போங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில், ஊருக்கு 20 கிலோமீட்டர் தள்ளி வண்டி நின்றால் அது வெறும் பழுது அல்ல. மூடிக் கிடந்த சாலையின் முன் கைக்குழந்தையோடு நின்ற ஒரு குடும்பத்தின் கதையைப் படித்துவிட்டீர்கள். ஆகவே பெயின்ட் அடிக்கும் செலவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் செலவு வண்டி திரும்பி வந்து சேர்வதற்கான பாகங்களுக்கு.

வண்டி வாங்கியவர்கள் படம் போடுங்கள். கழற்றிப்போட்ட நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்