23 வயதில் ஒரு கறுப்பின இசைஞன்: குளோஸ்டர், 1898

"திறமை இருந்தால் தானாக மேலே வரட்டும், எதற்கு இடஒதுக்கீடு?" இந்தக் கேள்வி கல்லூரி விடுதியில் எழும்போதெல்லாம் நமக்கு சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் நினைவு வருகிறது.

1875இல் லண்டனில் பிறந்தவர். தந்தை சியரா லியோனிலிருந்து மருத்துவம் படிக்க வந்த கறுப்பினத்தவர். படிப்பு முடிந்ததும் ஆப்பிரிக்கா திரும்பிவிட்டார். தாய் வெள்ளையினப் பெண். இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. குரோய்டனில் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்த தாத்தாதான் பேரனுக்கு முதலில் வயலின் சொல்லிக் கொடுத்தார். தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய ஒருவர் முன்னின்று உதவ, 15 வயதில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் இடம் கிடைத்தது.

திறமை அங்கேயே இருந்தது. கதவு? அது 1898இல்தான் திறந்தது. குளோஸ்டர், வொர்செஸ்டர், ஹியர்ஃபோர்டு ஆகிய மூன்று தேவாலய நகரங்கள் ஆண்டுக்கொன்றாக முறைவைத்து நடத்தும் இசை விழா, அந்த ஆண்டு குளோஸ்டரில். புதிய ஆர்கெஸ்ட்ரா படைப்பு ஒன்று எட்வர்ட் எல்கரிடம் கேட்கப்பட்டது. எல்கர் தனக்கு நேரமில்லை என்று மறுத்ததோடு நிற்கவில்லை. கோல்ரிட்ஜ்-டெய்லரிடம் கேளுங்கள், இளைஞர்களில் அவரே தலைசிறந்தவர், அவருக்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று வற்புறுத்தி எழுதினார். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்கரும் மேட்டுக்குடி அல்ல. இசைக்கடைக்காரரின் மகன், சிறுபான்மைக் கத்தோலிக்கர், நாடறிந்த பெயர் தனக்கே இன்னும் கிடைக்காதவர். தன் கைக்கு வந்த வாய்ப்பை அடுத்தவருக்குக் கைமாற்றினார்.

அப்படிப் பிறந்ததுதான் 'ஏ மைனர் பாலாட்'. செப்டம்பரில் 23 வயது இளைஞர் தானே மேடையேறி அதை நடத்தினார். பன்னிரண்டு நிமிடம் இருக்கும். வயலின்கள் சீறிக்கொண்டு தொடங்கும். பிறகு நெஞ்சை இளக்கும் நீண்ட மெட்டு ஒன்று வரும். எங்களில் யாருக்கும் மேற்கத்திய இசை இலக்கணம் தெரியாது, இருந்தும் அந்த மெட்டு ஒட்டிக்கொண்டது. யூடியூபில் தேடினால் கிடைக்கும், கேளுங்கள்.

விழா பெரும் வெற்றி. இரண்டே மாதத்தில் அவருடைய 'ஹயவாத்தாவின் திருமண விருந்து' அரங்கேறியது. அதன் பிரதிகள் லட்சக்கணக்கில் விற்றன. உரிமையையோ அவர் 15 கினிக்கு, அதாவது பதினைந்தே முக்கால் பவுனுக்கு, மொத்தமாக விற்றிருந்தார். லாபம் பதிப்பகத்துக்கு. கதவைத் திறந்துவிட்டவர்கள் பெட்டிச் சாவியைத் தரவில்லை. பாடம் நடத்தியும் ஊர் ஊராகக் கச்சேரி நடத்தியும் பிழைத்தவர், 1912இல் நிமோனியாவில் இறந்தார். வயது 37. மனைவிக்கு அரசர் ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை கொடுத்தார்.

1900இல் லண்டனில் கூடிய முதல் அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டில் கோல்ரிட்ஜ்-டெய்லரும் கலந்துகொண்டார். அங்கே இருந்த இன்னொருவர் டூபாய்ஸ். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதிய அதே டூபாய்ஸ்தான். கோல்ரிட்ஜ்-டெய்லர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1920இல், அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இசையைப் பற்றித் தொடங்கும் அது, கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது.